ஒளித்து வைத்த நாட்கள்

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் பனியன் கம்பெனியின் உற்பத்தித் திட்டமிடலைப் பற்றி எழுதுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களுக்கு அது அவ்வளவு தொலைவான உலகமல்ல. எங்களிடம் தொல்காப்பியமும் நன்னூலும் கேட்ட மாணவர்களில் கணிசமானோர் கடைசித் தேர்வு எழுதிய மறுவாரமே திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறவர்கள். சிலர் படிக்கும் காலத்திலேயே இரவு ஷிப்டில் செக்கிங் மேசைமுன் நின்றுவிட்டு, காலையில் சிவந்த கண்களோடு யாப்பருங்கலக்காரிகை வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

அப்படிப்பட்ட மாணவர்களில் ஒருவர் பட்டம் பெற்றபின் தையற்காரருக்குக் கைமடியாகச் சேர்ந்து, பிறகு கணக்கு எழுதி, கணினி கற்று, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் அவர் என்னைத் தேடி வந்தார். நிறுவனத்தின் ஒவ்வொரு பிரிவும் தனக்குத் தெரிந்ததைப் பிற பிரிவுகளும் அறியும்படி ஒரு கையேடாக்க வேண்டும். அது தமிழில் இருக்கவேண்டும். தொழிலாளர்களிடம் கேட்டு எழுதித் தர இயலுமா என்றார்.

"ஐயா, எல்லாம் அவங்கவிய தலைக்குள்ள இருக்குதுங்க. ஒருத்தர் லீவு போட்டா அன்னிக்கு அந்த வேலை நின்னு போகுது. எழுத்துல கொண்டாந்துட்டம்னா போதுமுங்க."

மூன்று வாரம் அந்த நிறுவனத்துக்குச் சென்று வந்தேன். ஒரு தொழிற்கூடத்தில் குழுக்கள் தமக்குள் அறிவை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன, எதனால் பகிர்ந்துகொள்ளாமல் இருக்கின்றன என்பதைப் பற்றி அங்கே கண்டதையும், அதையொட்டிப் பின்னர் படித்ததையும் இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் திட்டமிடல் என்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெளிநாட்டு வணிகர் ஒருவர் நான்கு நிறங்களில் 24,000 டி-சர்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் இருக்கவேண்டிய நாள் முதலிலேயே முடிவாகிவிடும். திட்டமிடுகிறவர் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குகிறார். பேக்கிங்குக்கு இத்தனை நாள். அதற்கு முன் அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங். அதற்கும் முன் காம்பாக்டிங், சாயம், நிட்டிங். எல்லாவற்றுக்கும் முன்னே நூல். தையலுக்கு ஒரு கணக்குண்டு. ஒரு சட்டைக்கு 8 நிமிட வேலை, ஒரு வரிசையில் 30 இயந்திரங்கள், ஒரு ஷிப்டுக்கு 480 நிமிடம், அதில் பாதிதான் பயன்படும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 900 சட்டை. மூன்று வரிசைகளில் போட்டால் 9 நாளில் முடியும். இவ்வாறு ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் குறித்து ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டு, எல்லாப் பிரிவுகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

திருப்பூரில் இந்தக் கட்டங்கள் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் இருப்பதில்லை. நிட்டிங் ஒரு வீதியில், சாயப்பட்டறை ஊருக்கு வெளியே, காம்பாக்டிங் வேறொரு திசையில், பிரிண்டிங் இன்னொருவரிடம். ஒரு சட்டை கப்பலேறுவதற்குள் ஐந்தாறு முதலாளிகளின் கைகளைக் கடக்கிறது. ஊர் முழுவதும் சேர்ந்துதான் ஒரு தொழிற்சாலை. ஆகவே திட்டமிடுகிறவருக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி அவருடைய அதிகாரத்துக்கு உட்படாதவர்களிடம் இருக்கிறது. அவர் கேட்டுத்தான் பெறவேண்டும். கேட்டது கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இரண்டாம் நாள் மாணவர் ஒரு பழைய நோட்டைத் திறந்து காட்டினார். நிட்டிங்காரர் ஆறு நாள் கேட்பார், நான்கில் முடிப்பார். சாயப்பட்டறை பத்து நாள் கேட்கும், ஏழு போதும். காம்பாக்டிங்கில் ஒரு நாள், கட்டிங்கில் இரண்டு, தையலில் மூன்று, பேக்கிங்கில் ஒன்று. இப்படி ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கி மறைத்து வைத்துக்கொள்ளும் நாட்களை அவர் பல ஆர்டர்களில் கவனித்துக் குறித்திருந்தார். கூட்டினால் பன்னிரண்டு வந்தது.

"ஒளிச்சு வெச்ச நாளுங்க ஐயா. அவங்க ஒளிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். நா ரெண்டு நாளக் கொறைச்சுத்தான் போடுவேன். கொறைப்பேன்னு அவங்களுக்கும் தெரியும். அதனால மூணு நாளச் சேத்துக் கேப்பாங்க."

மேலாண்மை நூல்கள் இதற்குப் பெயரிட்டு, சூத்திரமும் கொடுத்திருக்கின்றன. எனக்கு அது இலக்கண வகுப்பில் படும் சிக்கலாகத் தோன்றியது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் முறிந்துவிட்டால் மொழி எவ்வாறு இயங்கும்? ஆறு என்றால் நான்கு என்று பொருள்கொள்ளவேண்டும். ஆனால் சில வேளைகளில் ஆறு என்றால் ஆறேதான். எந்த வேளையில் என்பது சொல்பவருக்கு மட்டுமே தெரியும்.

இதன் விலை என்ன என்பதை நான் செல்வதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு மாணவர் விளக்கினார். அடர் சிவப்பு நிறத்தில் லைக்ரா கலந்த துணி. அடர் நிறங்களுக்குச் சாயம் ஏற்றியபின் ஒட்டாத சாயம் போகும்வரை பலமுறை அலச வேண்டியிருப்பதால் வெளிர் நிறங்களைவிட நேரம் கூடுதலாகும். சாயப்பட்டறைக்காரர் மூன்று நாள் அதிகம் கேட்டார். வழக்கமான பேச்சு என்று எண்ணி ஒரு நாள்தான் கொடுத்தார்கள். துணி தாமதமாகவே வந்தது. வந்த அன்றிரவே வெட்டியாகவேண்டும் என்ற நெருக்கடி. பின்னல் துணிக்கு ஓர் இயல்புண்டு. இயந்திரங்களில் இழுபட்டு, உருளையாகச் சுற்றப்பட்ட துணியைப் பிரித்துத் தளர்வாகப் போட்டால் அது மெல்லச் சுருங்கித் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும். லைக்ரா கலந்த துணிக்கு ஒரு நாளாவது இந்த ஓய்வு வேண்டும். ஓய்வு கொடுக்காமல் வெட்டினால், வெட்டியபின் துண்டுகள் சுருங்கும். அப்படியே நடந்தது. செக்கிங்கில் அளந்தபோது உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு பகுதியைப் புதிதாக வெட்டித் தைத்து, கப்பலில் போகவேண்டியதை நிறுவனமே பணம் கட்டி விமானத்தில் அனுப்பியது. அந்த ஆர்டரில் மிஞ்சவேண்டிய இலாபம் அதோடு போயிற்று.

பின்னர் நான் கட்டிங் மாஸ்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ஐம்பதைக் கடந்தவர். பதினான்கு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். துணியின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கிடையே உருட்டியே அது எவ்வளவு சுருங்கும் என்று சொல்லக்கூடியவர்.

"தெரியாம என்னங்க? துணியத் தொட்டதுமே தெரிஞ்சுது. ரெண்டு நாள் வேணும்னு சொன்னனுங்க. நா எப்பவுமே ரெண்டு நாள் சேத்துக் கேக்கறவன். அன்னிக்கும் அப்பிடித்தான் கேக்கறான்னு நெனச்சுட்டாங்க."

பொய்யான இரண்டு நாளும் மெய்யான இரண்டு நாளும் ஒரே குரலில் ஒலித்திருக்கின்றன. அறிவு அங்கே இருந்தது. அது சொல்லப்படவும் செய்தது. ஆனால் போய்ச் சேரவில்லை. தகவல் தொடர்பு சரியில்லை என்று கூறுவதால் இது விளங்கிவிடாது. தம்மைக் காத்துக்கொள்வதற்காக எல்லோரும் ஒளிக்கும் இடத்தில், உண்மையைச் சொல்பவர் அதை உண்மை என்று காட்ட வழியில்லாமல் போகிறது.

அப்படியானால் அந்த நிறுவனத்தில் அறிவு பகிரப்படவே இல்லையா என்றால், நிறையவே பகிரப்பட்டது. திட்டத் தாளில் அதைக் காண முடியாது, அவ்வளவுதான். காலை பத்தரை மணித் தேநீரின்போது தையல் வரிசையின் சூப்பர்வைசர் கட்டிங் மேசைப் பக்கம் வந்து நிற்பார். "கருப்புல ரெண்டு ரோல் ஷேடு மாறுதுங்கண்ணா, பாத்து அடுக்குங்க" என்பார். ஒரே நிறமென்று வந்த துணியில் ரோலுக்கு ரோல் சிறிய வேறுபாடு இருக்கும். ஒரு ரோலின் கையும் மற்றொரு ரோலின் உடலும் ஒரே சட்டையில் சேர்ந்துவிட்டால் கடைவிளக்கில் தெரிந்துவிடும். இந்த ஒரு வாக்கியம் நூற்றுக்கணக்கான துண்டுகளைக் காப்பாற்றியது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

துணி ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர் இன்னொருவர். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் என்று எல்லாப் படிகளையும் தினமும் மிதிக்கிறவர் அவர் ஒருவரே. எந்தப் பட்டறையில் எத்தனை லாட் வரிசையில் காத்திருக்கிறது, எங்கே பாய்லர் பழுது என்பது திட்டமிடல் அறைக்குத் தெரிவதற்கு அரைநாள் முன்பே அவருக்குத் தெரியும். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அதுவரை போட்டிருந்த திட்டங்கள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின. வெளியூர்களில் எங்கே சாயமேற்றித் தருவார்கள், போய்வர எத்தனை நாளாகும், எங்கே நிறம் ஒழுங்காக வரும் என்பதை முதலில் அறிந்து வந்து சொன்னவர்கள் வேன் ஓட்டுநர்களே என்று மாணவர் நினைவுகூர்ந்தார். குழுக்களுக்கு இடையே அறிவு தானாகப் பாய்வதில்லை. குழுக்களின் எல்லைகளைக் கடந்து நடக்கும் ஒரு மனிதர் வேண்டும்.

தையல் கூடத்தில் அப்படி ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். இன்று திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோர் மிகப் பலர். நான் எழுதிக்கொண்டிருந்த தமிழ்க் கையேட்டை அந்தக் கூடத்தில் ஏறத்தாழப் பாதிப் பேரால் படிக்க இயலாது. அந்த இளைஞர் சூப்பர்வைசர் தமிழில் சொல்வதை ஒடியாவிலும் இந்தியிலும் மாற்றிச் சொல்வார்; அவர்கள் மறுமொழியைத் தமிழில் கொண்டுவருவார். அவருக்குக் கூலி ஃப்ளாட்லாக் இயந்திரத்தில் தைப்பதற்கு மட்டும்தான்.

இவற்றைக் காணும்போது ஒரு தமிழாசிரியனுக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தார். ஏட்டுச்சுவடிகள் இருந்தன, நச்சினார்க்கினியர் உரை இருந்தது, தமிழ்ப் பயிற்சிக்கோ குறைவில்லை. ஆயினும் பல இடங்கள் விளங்கவில்லை. விளக்கியவர்கள் அவ்வூர்ச் சமணர்கள். அவர்களுக்கு அது வீட்டில் வழிவழியாகப் படித்துவரும் நூல். சமண மரபில் வாழ்கிறவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்த செய்திகள் வெளியே நின்று படிப்பவருக்குப் புதிராக இருந்தன. 1887இல் வெளிவந்த அப்பதிப்பில் அந்த வீட்டுத் திண்ணைகளின் பங்கு பெரிது. தமிழாசிரியர்கள் பலமுறை சொல்லும் செய்திதான் இது. இம்முறை எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அவர்கள் ஏன் அவ்வளவு தாராளமாகச் சொன்னார்கள்? சொல்வதால் அவர்கள் இழப்பதற்கு எதுவுமில்லை. தம் நூல் உலகறிய அச்சேறும் என்ற மகிழ்ச்சி மட்டுமே இருந்தது. என் முன்னால் இருந்த கட்டிங் மாஸ்டரின் நிலை அதுவல்ல.

அவர் எனக்கு எதையும் மறுக்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் கையேட்டுக்காக நான் கேட்டவற்றுக்கெல்லாம், யாருக்கும் தெரிந்த செய்திகளையே பதிலாகத் தந்தார். நான்காம் நாள் நான் வெளிப்படையாகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, சொல்றதுல உங்களுக்கு என்ன சங்கடம்?"

சற்றுநேரம் மேசைமேல் கிடந்த துணியை நீவிக்கொண்டிருந்தார்.

"சாரு, உங்களுக்கு எழுதறது தொழிலுங்க. எனக்கு இது மட்டுந்தான் இருக்குது. மின்ன ஒரு கம்பெனில இருந்தேன். மார்க்கர் போடறதுல ஒரு வழி கண்டுபுடிச்சேன். மூணு நாள் வேல ரெண்டு நாள்ல முடிஞ்சுது. முதலாளி தோள்ல தட்டிக் குடுத்தாருங்க. அடுத்த மாசம் பீசுக்கு ரேட்டக் கொறைச்சுட்டாங்க. வேகமாத்தான வெட்டறீங்க, உங்குளுக்கு நட்டமில்லியேன்னாங்க. அடுத்த வருசம், நாஞ் சொல்லிக் குடுத்த பையனுக்கே காண்ட்ராக்ட் போயிருச்சு. பையன் மேல தப்பில்லீங்க, அவனுக்கும் வவுறு இருக்குதல்லொ."

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர் தம் கீழ் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு பீஸ் ரேட்டில் ஒப்பந்தமாக வெட்டிக் கொடுப்பவர். அவர் ஒளித்து வைத்த இரண்டு நாளில் அந்த எட்டுப் பேரின் வாரக்கூலி இருந்தது. அதுவரை சோம்பல் அல்லது தந்திரம் என்று திட்டமிடல் அறையில் பேசப்பட்ட ஒன்று, மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது சேமிப்பாகத் தெரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்கரான பிரெடெரிக் டெய்லர் 1911இல் அறிவியல் மேலாண்மை குறித்து எழுதிய நூலில் இந்தச் சிக்கலையே தொடக்கமாகக் கொண்டிருக்கிறார். உற்பத்தி கூடினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்று அறிந்த தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள். தம்மால் எவ்வளவு முடியும் என்பதை முதலாளி அறியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். டெய்லர் கண்ட தீர்வு, தொழிலாளர்களிடம் மரபாக இருந்துவரும் அறிவை நிர்வாகமே திரட்டி, விதிகளாக்கி, வேலையைத் திட்டமிடும் பொறுப்பைத் தனியொரு பிரிவிடம் ஒப்படைப்பது. இன்று ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறதே அந்தத் திட்டமிடல் அறை, அதன் பிறப்பு இந்தச் சிந்தனையில் இருக்கிறது. கட்டிங் மேசையில் இருப்பவரிடமிருந்து எடுத்துக் கொண்டுபோய் வைப்பதற்கென்றே கட்டப்பட்ட அறை அது. நூறு ஆண்டு கழிந்தும் மேசைக்காரர் அந்த அறையை ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

எதிர்த்திசையில் சென்ற ஓர் அனுபவமும் உண்டு. உற்பத்தித் திட்டமிடல் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டொயோட்டாவின் கான்பான் அட்டையைச் சொல்வார்கள். பின்கட்டத்தார் தாம் எடுத்துக்கொண்ட அளவை ஓர் அட்டை மூலம் முன்கட்டத்தாருக்குத் தெரிவிக்க, அவர்கள் அந்த அளவு மட்டும் செய்து வைக்கிறார்கள். தைச்சி ஓனோ 1950களில் இயந்திரக் கூடத்தில் தொடங்கிய இம்முறை 1962 அளவில் நிறுவனம் முழுவதும் பரவியது. வேலைமுறைத் தாளை அந்த வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்களே எழுதவேண்டும் என்பதில் ஓனோ உறுதியாக இருந்தார். பிழை கண்டால் யார் வேண்டுமானாலும் வரிசையை நிறுத்தலாம்.

திருப்பூரில் சில நிறுவனங்கள் அந்த அட்டையை இறக்குமதி செய்ததைக் கண்டிருக்கிறேன். அட்டைக்குமுன் நிகழ்ந்தது எதுவும் அதனுடன் வரவில்லை. 1950இல் டொயோட்டா கடன் நெருக்கடியில் சிக்கியது. ஆட்குறைப்பு, நீண்ட வேலைநிறுத்தம், நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகல் என்று அந்த ஆண்டு கழிந்தது. அதன்பின் எஞ்சியிருந்தவர்களுக்கு வேலை உறுதி என்ற புரிந்துணர்வு மெல்ல உருவாகி, 1962இல் தொழிற்சங்கமும் நிர்வாகமும் கூட்டாக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு வேலையை எளிதாக்கும் வழியைச் சொல்லும் தொழிலாளி, அதனால் தன் இடம் போய்விடாது என்று நம்பிய பிறகே அட்டை பேசத் தொடங்கியது. அங்கும் எல்லாருக்கும் அந்த உறுதி கிடைத்துவிடவில்லை. பருவத் தொழிலாளராக அங்கே சேர்ந்து பணிபுரிந்த கமாட்டா சதோஷி என்னும் எழுத்தாளர் 1973இல் வெளியிட்ட நூல், வரிசையின் வேகத்துக்குத் தன்னைக் கொடுத்துத் தேய்ந்தவர்களின் கதை. வாக்குறுதி எங்கே முடிகிறதோ அங்கே பகிர்தலும் முடிந்துவிடுகிறது.

ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குவோருடன் பல காலம் சுற்றி, 1996இல் ஒரு நூல் எழுதினார். அவர்களிடம் தடித்த கையேடுகள் இருந்தன. ஆனால் கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் உணவு மேசையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லியே தீர்த்துக்கொண்டார்கள். அடுத்த கட்டமாக அந்நிறுவனம் அவர்கள் கண்ட உத்திகளைத் திரட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்தபோது, ஒவ்வோர் உத்திக்கும் அதைக் கண்டவரின் பெயர் இடப்பட்டது. அந்தப் பெயருக்காகவே பலர் எழுத முன்வந்தார்கள். நம் உரையாசிரியர் மரபு அறிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். சொன்னதால் அவர்கள் ஊதியம் குறையாது. அத்தகையவருக்குப் பெயர் போதும். பீஸ் ரேட்காரருக்குப் பெயர் மட்டும் போதுமா?

இதை நான் கட்டிங் மாஸ்டரிடமே கேட்டேன். கையேட்டில் அந்தப் பகுதியை அவர் பெயரிலேயே எழுதலாம் என்றேன். சிரித்தார்.

"பேரு கெடக்குட்டுமுங்க. ரெண்டு வருசத்துக்கு ரேட்டக் கொறைக்க மாட்டோம், என்னோட ஆளுகள மாத்த மாட்டோம்னு முதலாளி ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டும். நா சொல்றனுங்க."

மாணவர் இதை முதலாளியிடம் கொண்டுபோனார். அந்த முதலாளி தன் இளமையில் தானே இயந்திரத்தில் அமர்ந்து தைத்தவர். உழைத்து மேலே வந்து கம்பெனி வைத்தவர்கள் அவ்வூரில் பலர். மாஸ்டர் சொல்வதன் பொருள் அவருக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதனால்தான் தயங்கினார் என்று நினைக்கிறேன். இன்று இவருக்கு எழுதிக் கொடுத்தால் நாளை தையல் ஒப்பந்தக்காரர் கேட்பார், நாளை மறுநாள் பேக்கிங்காரர் கேட்பார். பத்து நாள் கடந்தது. என் விடுமுறையில் எஞ்சியிருந்தது நான்கு நாள். பதினோராம் நாள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஆறு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மாஸ்டர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க சாரு" என்றார்.

இரண்டு நாள் பேசினார். மழைக்காலத்தில் துணி ஈரம் வாங்குவதால் ஓய்வு நேரத்தை எப்படி மாற்றுவது. ஒற்றைப் பின்னல் துணி துவைத்தபின் பக்கத் தையல் முன்புறம் திருகிக்கொண்டு வருவதை வெட்டும்போதே எப்படி ஊகிப்பது. லைக்ரா துணியை ஏன் உயரமாக அடுக்கக் கூடாது. நிட்டிங்கில் அகலம் ஓர் அங்குலம் மாறி வந்தால் மார்க்கரில் எதை நகர்த்தினால் துணி வீணாகாது. சிலவற்றை நான் எழுதினேன். சிலவற்றுக்குச் சொல் கிடைக்கவில்லை. அவர் என் விரல்களைப் பிடித்துத் துணியின்மேல் வைத்து, "இப்பிடி இருந்தா வெட்டலாம், இப்பிடி இருந்தா நாளைக்கு" என்றார். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அருகில் நின்ற அவருடைய ஆட்களில் இளையவனுக்குத் தெரிந்தது.

அதன் பயனை மிகைப்படுத்தக் கூடாது. கையேடு நாற்பது பக்கத்தில் முடிந்தது. அதைப் புரட்டுகிறவர்கள் குறைவு என்று மாணவரே சொன்னார். அதைவிட நிலைத்தது, தினமும் காலை எட்டரை மணிக்குக் கட்டிங் மேசையைச் சுற்றிப் பிரிவுக்கு ஒருவராகப் பத்து நிமிடம் நின்று பேசும் வழக்கம். வேன் ஓட்டுநரையும் அந்த ஒடிசா இளைஞரையும் அதில் சேர்க்கச் சொன்னவர் மாஸ்டர். கட்டிங்கில் ஒளித்த இரண்டு நாள் வெளியே வந்தது. அவர் இப்போது இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், கேட்பதே அரிது. தையலில் ஒளித்த மூன்று நாள் அப்படியே இருக்கிறது, ஏனெனில் அந்த ஒப்பந்தக்காரருக்கு எவரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நிட்டிங்கும் சாயமும் வெளியார் கையில். அங்கே யார் யாருக்கு எழுதிக் கொடுப்பது?

அறிவைப் பகிர்தல் என்று கருத்தரங்குகளில் பேசும்போது, பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு நீர் ஊற்றுவதுபோலப் பேசுகிறோம். குழாய் சரியாக இருந்தால் போதும், மென்பொருள் இருந்தால் போதும், கையேடு இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். உழைப்பவரைப் பொறுத்தவரை அறிவு அவரிடம் உள்ள ஒரே சொத்து. அதை மற்றவர் முன் எடுத்து வைப்பது கடன் கொடுப்பது போன்றது. திரும்பி வரும் என்ற உறுதி வேண்டும். ஒரு திட்டத் தாளில் உள்ள நாட்கள் இயந்திரங்களின் வேகத்தை மட்டும் காட்டுவதில்லை. அங்கே பணிபுரிகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பதையும் காட்டுகின்றன. ஒளித்து வைத்த நாட்களை எண்ணினால், அந்த நிறுவனத்தில் எத்தனை வாக்குகள் காப்பாற்றப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

அந்த ஆறு வரித் தாளுக்கு இரண்டு ஆண்டுதான் காலம். அது முடிந்தபோது புதுப்பித்துக் கொடுக்குமாறு மாணவர் முதலாளியைக் கேட்டார். பார்க்கலாம் என்றாராம். அதன்பின் காலைக் கூட்டத்தில் மாஸ்டர் முன்போலத்தான் பேசுகிறார் என்றும், ஆனால் நாள் கேட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்கிறார் என்றும் மாணவர் தொலைபேசியில் சொன்னார்.